முதல் காது யார் மடியில்

வெள்ளிக்கிழமை எனக்கு வளைகாப்பு. செவ்வாய்க்கிழமை காலை வரை என் நாத்தனார் நாச்சியார் வருவதாக இல்லை.

எங்கள் வழக்கத்தில் முதல் வளையல் நாத்தனார் கையால்தான் ஏற வேண்டும். "அவ வரலைன்னா ஒண்ணுவிட்ட நாத்தனார் ஒருத்தியக் கூப்பிட்டுக்கிடுவோம்" என்று என் அம்மா வெகு சுலபமாகச் சொல்லிவிட்டாள். எனக்கு அந்த ஒண்ணுவிட்ட நாத்தனார் வேண்டாம். என்னைப் பெண் பார்க்க வந்தபோது, வீடியோ எடிட் பண்ணும் கடை வைத்திருக்கிற பெண் நமக்கு ஒத்து வருவாளா என்று ஆளாளுக்கு இழுத்தார்கள். "அவ தொழில் பாத்தா ஒங்களுக்கு எங்க நோகுது?" என்று அத்தனை பேர் வாயையும் அடைத்தவர் நாச்சியார் மதினி. அவர் கை வைக்காமல் என் கையில் வளையல் ஏறினால் அது எனக்கு வளைகாப்பாகவே இருக்காது.

ஆனால் மதினி எங்களோடு பேசி மூன்று வாரம் ஆகியிருந்தது. காரணம் ஒரு வயதுப் பையன் ஒருவனின் வலது காது.

அவன் மதினியின் மகன். இருளப்பசாமி என்று பெயர். ஆள் முழங்கால் உயரம், பெயர் மட்டும் குலதெய்வத்தின் முழுப்பெயர். தேவதானம் பக்கத்தில் இருக்கும் அவர்கள் குலதெய்வக் கோயிலில் வைத்து அவனுக்கு மொட்டை போட்டுக் காது குத்தினார்கள். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் இருக்க வேண்டும். சீர் கூடக் குறையலாம், மடி மாறக் கூடாது. அந்தத் தாய்மாமன் என் வீட்டுக்காரர் பாண்டிதுரை. ஸ்ரீவில்லிபுத்தூரில் போலீஸ்காரர். பார்த்து வைத்தாற்போல் அன்றைக்குத்தான் பந்தோபஸ்து டூட்டி போட்டார்கள். ஒரு மணி நேரம் பெர்மிஷன் வாங்கிக்கொண்டு, காக்கிச் சட்டையைக் கூட மாற்றாமல் பைக்கில் பறந்து வந்து, பிள்ளையை மடியில் வாங்கி, காது குத்தி முடித்ததும் கிடாக்கறிச் சோற்றில் கை நனைக்காமல் திரும்பிப் போனார்.

அவர் வந்ததில் யாருக்கும் சந்தேகம் இல்லை. முதல் காது குத்துவதற்கு முன்னால் வந்தாரா, பின்னால் வந்தாரா என்பதில்தான் குடும்பம் இரண்டாகப் பிரிந்தது.

அவர் வரும் வரை பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் சின்னக்கருப்பன். மதினி வீட்டுக்காரரின் கூடப்பிறந்த அண்ணன். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் நின்றுகொண்டு, "மொதக் காது எம் மடியில வச்சுத்தான் குத்துனது. மாமன்காரரு ரெண்டாவது காதுக்குத்தான் வந்து சேந்தாரு" என்று சொல்லிவிட்டார். அவர்கள் பக்கத்து ஆட்கள் சிரித்தார்கள். மதினிக்கு அந்தச் சிரிப்பு நெஞ்சில் தைத்துவிட்டது. பிறந்த வீட்டில் நாதியில்லாதவள் என்று ஊர் சொன்னதாகவே எடுத்துக்கொண்டார்.

அத்தனை பேர் நின்ற இடத்தில் ஒருத்தர் கண்ணிலும் படவில்லையா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஒவ்வொருத்தர் கையிலும் செல்போன். ஒவ்வொரு செல்போனிலும் பிள்ளையின் அழுத முகம், அதுவும் மூக்குச்சளி தெரிகிற அளவுக்குக் கிட்டத்தில். மடியை எடுத்தவர் ஒருவர் கிடையாது. மதினி, பிள்ளைக்குக் குத்துவதைப் பார்க்கத் தாங்காமல் கோயிலுக்குப் பின்னால் போய்க் காதைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார். மதினி வீட்டுக்காரர் முத்துக்குமரன் கிடாக்கறி அடுப்புப் பக்கம். நான் வயிற்றைத் தூக்கிக்கொண்டு தூரத்தில் வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில். குத்திய சங்கையா ஆசாரியிடமே போய்க் கேட்டிருக்கிறார்கள். "எனக்குக் காது தெரியும்மா, மடி தெரியாது" என்று முடித்துக்கொண்டார்.

மறுநாள் மதினி தம்பிக்குப் போன் போட்டார். "ரெண்டு காதும் ஒம் மடியில வச்சுத்தான் குத்துனாகன்னு சாமி மேல சத்தியம் பண்ணுலே, நான் நம்புதேன்." என் வீட்டுக்காரர், "சத்தியமெல்லாம் பண்ண முடியாதுக்கா" என்று வைத்துவிட்டார். பக்கத்தில் நின்ற எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏன் என்று கேட்டால் வாயைத் திறக்கவில்லை. ஸ்டேஷனில் அடுத்தவர் வாயைத் திறக்க வைக்கிற மனுஷன், வீட்டில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இதற்கு மேல் வீடியோ வேறு வந்து சேர்ந்தது. மதினி வீட்டுக்காரர் முத்துக்குமரன் பட்டாளத்தில் இருப்பவர். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மிலிட்டரி கேன்டீனில் வாங்கிய கேம்கார்டர் ஒன்று பீரோவில் பாச்சை உருண்டை வாசனையோடு இருக்கும். அதை ஸ்டாண்டில் நிறுத்தி ஆன் பண்ணிவிட்டுத்தான் அவர் அடுப்புப் பக்கம் போயிருக்கிறார். லீவு முடிந்து கிளம்பும் முன்பு அதை லேப்டாப்பில் ஏற்றி, டி.வி.யில் சொருகி, வீட்டார் அத்தனை பேருக்கும் போட்டுக் காட்டினாராம். சின்னக்கருப்பண்ணன் மடியில் பிள்ளை. அழுகைச் சத்தம். பெண்கள் குலவை போடும் சத்தம். குலவை போட்டால் காது குத்தியாயிற்று என்று அர்த்தம். அப்புறம்தான் என் வீட்டுக்காரர் மடியில் பிள்ளை தெரிகிறான், ஆசாரி இடது காதில் இருக்கிறார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? மதினி வளைகாப்புக்கு வர மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

பதினோரு வருஷமாக வீடியோ எடிட் பண்ணுகிறவள் நான். நான் பார்க்காத ஒரு வீடியோவை வைத்து என் வீட்டுக்காரருக்குத் தீர்ப்பு எழுதினால் எப்படிப் பொறுப்பேன்? செவ்வாய்க்கிழமை காலையில் பஸ் ஏறி ராஜபாளையத்தில் மதினி வீட்டு வாசலில் போய் நின்றேன்.

மதினி 'வா' என்று சொல்லவில்லை. இடுப்பில் இருந்த பிள்ளையிடம், "இருளப்பா, யாரோ வந்திருக்காக பாரு" என்றார். ஆனாலும் செம்பில் தண்ணீர் வந்தது. வைத்த வேகத்தில் பாதி தரையில் சிந்தியது.

"மதினி, அந்த வீடியோவ நான் ஒரு தடவ பாக்கணும்."

"பாத்து என்ன செய்யப் போற? ஊரே பாத்தாச்சு."

சின்னக்கருப்பண்ணன் உள்ளே இருந்து சந்தோஷமாக வந்தார். "போட்டுக் காட்டு நாச்சியா. தங்கச்சியும் பாக்கட்டும்."

லேப்டாப் பத்து வருஷப் பழசு. வீடியோ திக்கித் திக்கி ஓடியது. கோயில் முன்னால் கூட்டம் அலைமோதுகிற இடத்துக்கு வந்தது. சின்னக்கருப்பண்ணன் மடியில் பிள்ளை. மேளம், அழுகை, குலவை. நானும் மடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் தடவை போடச் சொன்னபோதுதான் ஓரத்தில் நின்ற மேளக்காரர் கண்ணில் பட்டார். அவர் கை அந்தரத்தில் நிற்கிறது. அடி மட்டும் விழுந்துகொண்டே இருக்கிறது.

"மதினி, மேளக்காரர் கையப் பாருங்க. குச்சி மேலயே நிக்கி. சத்தம் எங்க இருந்து வருது?"

மதினி குனிந்து பார்த்தார்.

"படம் மொடங்கிப் போச்சு மதினி. சத்தம் முன்னால ஓடிருச்சு, படம் பின்னாலயே நின்னுருச்சு. அந்தக் குலவ போடும்போது பிள்ள யார் மடியில இருந்தான்னு இந்த லேப்டாப்பு காட்டவே இல்ல."

"அதெப்பிடி தங்கச்சி?" என்றார் சின்னக்கருப்பண்ணன். "நிக்கிற படம் எம் மடியிலயா பாத்து நிக்கும்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அடக்கிக்கொண்டு சொன்னேன். என் கடைக்குப் பக்கத்தில் பத்திரம் எழுதுகிறவர் ஒருவர் இருக்கிறார். முதல் வரியில் ஆளின் பெயர், தகப்பன் பெயர், ஊர், தெரு எல்லாம் எழுதுவார். அப்புறம் பக்கம் பக்கமாக 'மேற்படியார்', 'மேற்படி தெரு', 'மேற்படி நிலம்'தான். தாள் மிச்சம். ஆனால் நடுப்பக்கத்தை எடுத்தால் யார் என்றே தெரியாது, முதல் பக்கத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். இந்தக் கேம்கார்டரும் அப்படித்தான். இடத்தை மிச்சம் பிடிக்க ஒரு படத்தை முழுசாக எழுதும். அடுத்தடுத்த படங்களில் எது மாறியதோ அதை மட்டும் குறித்துக்கொண்டு, மிச்சத்துக்கு 'மேற்படி' போட்டுவிடும். ஓட்டும்போது கம்ப்யூட்டர் ஒவ்வொன்றுக்கும் முன்னால் போய்ப் பார்த்து வர வேண்டும். கூட்டம் ஆடாமல் நின்றால் சமாளிக்கும். அத்தனை பேரும் முண்டியடித்தால் மூச்சு வாங்கி நின்றுவிடும்.

"நான் கடையில எந்த வீடியோ வந்தாலும் மொதல்ல கன்வெர்ட் பண்ணுவேன் மதினி. ஒவ்வொரு படத்துலயும் பேரு, ஊரு எல்லாத்தையும் முழுசா எழுதுன மாதிரி ஆயிரும். ஃபைலு எட்டு மடங்கு வீங்கும். ஆனா நிக்காது."

"வெட்டி ஒட்டுறதுதான ஒன் தொழிலு?" என்றார் மதினி. "ஒம் புருசனுக்குத் தக்கன நீ ஒட்டிக் கொண்டுவந்தா எனக்கு என்ன தெரியும்?"

"அப்ப நீங்களே கூட வாங்க. ஒங்க கண்ணு முன்னால வச்சுப் பண்ணுதேன்."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். படம் நின்றது உண்மை. நிற்காமல் ஓடினால் என்ன தெரியும் என்பது எனக்கும் தெரியாது. சத்தியம் பண்ண மறுத்தவரின் பெண்டாட்டி நான். நிஜமாகவே முதல் காது சின்னக்கருப்பண்ணன் மடியில் இருந்தால், இப்போது பாதி நம்பிக்கையாவது வைத்திருக்கும் மதினி அதையும் விட்டுவிடுவார்.

ஃபோல்டரை அப்படியே என் ஹார்டு டிஸ்கில் ஏற்றினோம். கேமரா கார்டை முத்துக்குமரன் அடுத்த விசேஷத்துக்காக அழித்துவிட்டார், ஆக உலகத்தில் இருப்பது இது ஒன்றுதான். ஏற்றி முடித்ததும் டிஸ்கை மதினி வாங்கித் தன் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் என் கடைக்கு வரும் வரை அந்தப் பை அவர் மடியை விட்டு இறங்கவில்லை. மகன், கூடவே கிளம்பி வந்த சின்னக்கருப்பண்ணன் மடியில் இருந்தான்.

கடையில் ஆள் உட்காரவே இடம் கிடையாது. என் கம்ப்யூட்டரில் இடம் போதாமல், கொடுத்து முடித்துவிட்ட இரண்டு கல்யாணங்களின் வீங்கிய ஃபைல்களை அழித்தேன். மதினி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கன்வெர்ட் கொடுத்ததும் திரையில் ஒரு பச்சைக் கோடு, பக்கத்தில் ஒரு எண். ஒன்று. வெகு நேரம் கழித்து இரண்டு.

"எம்புட்டு நேரம் ஆகும்?"

"ஒண்ணேகால் மணி நேரம் மதினி."

சின்னக்கருப்பண்ணன் டீ வாங்கி வந்தார். பத்திரம் எழுதுகிறவரோடு போய்ப் பேசிவிட்டு வந்தார். இருளப்பன் வயரைப் பிடித்து இழுத்தான். உயிர் போய் உயிர் வந்தது. எண் முப்பத்தெட்டில் இருக்கும்போது வயிற்றுக்குள் பிள்ளை ஓங்கி ஒரு உதை விட்டது. நான் நெளிந்ததை மதினி பார்த்துவிட்டார்.

"காலையில சாப்பிட்டயா?"

மூன்று வாரத்தில் என்னைப் பற்றி அவராகக் கேட்ட முதல் வார்த்தை. "ரெண்டு இட்லி" என்றேன்.

"ரெண்டு இட்லி எந்த மூலைக்கு?" என்று முணுமுணுத்துவிட்டு, பிள்ளைக்குக் கொண்டுவந்திருந்த வாழைப்பழத்தில் ஒன்றை உரித்து என் முன்னால் நீட்டினார். முகத்தை மட்டும் வேறு பக்கம் வைத்துக்கொண்டார்.

நூறு வந்தது. ஃபைலைத் திறந்தேன்.

படம் தங்கு தடையில்லாமல் ஓடியது. மேளக்காரர் கை இறங்குகிறது, அடி விழுகிறது. கையும் சத்தமும் ஒன்றாக. கூட்டம் முண்டுகிறது. சின்னக்கருப்பண்ணன் மடியில் இருளப்பன், மொட்டைத் தலையெல்லாம் சந்தனம். சட்டென்று வாயைத் திறந்து அழ ஆரம்பித்தான். இன்னும் சின்னக்கருப்பண்ணன் மடியில்தான் இருக்கிறான்.

"பாத்தீகளா!" என்று சின்னக்கருப்பண்ணன் தொடையில் தட்டினார். "எம் மடியிலதான் அழுதான்!"

மதினி கண்ணை மூடிக்கொண்டார். படத்தை நிறுத்தக்கூட எனக்குத் தோன்றவில்லை. படம் அது பாட்டுக்கு ஓடியது. அப்போது ஆசாரியைப் பார்த்தேன். அவர் இன்னும் கீழே குனிந்து டப்பாவில் ஊசியைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

"மதினி, கண்ணத் தொறங்க! இன்னும் குத்தவே இல்ல! குலவ வரல பாருங்க!"

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு காக்கிச் சட்டை உள்ளே வருகிறது. இருளப்பன் தூரத்திலேயே அதைப் பார்த்துத்தான் அழத் தொடங்கியிருக்கிறான். மாமனைத் தெரியவில்லை, போலீஸைத்தான் தெரிந்திருக்கிறது. காக்கி சம்மணம் போட்டு உட்காருகிறது. சின்னக்கருப்பண்ணனே எழுந்து, தன் கையால் பிள்ளையைத் தூக்கி அந்த மடியில் வைக்கிறார். ஆசாரி நிமிர்கிறார். வலது காது. ஊசி. குலவை.

நான் மறுபடி ஓட்டினேன். ஒவ்வொரு படமாக நகர்த்தி, ஊசி காதைத் தொடும் இடத்தில் நிறுத்தினேன். கலங்கலில்லாமல் நின்றது. வலது காது, அதற்குக் கீழே காக்கிப் பேன்ட்.

"நாந்தான் தூக்கிக் குடுத்தனா?" என்றார் சின்னக்கருப்பண்ணன். அவர் முகத்தில் நிஜமான ஆச்சரியம். "அழுதானேன்னு, குத்தியாச்சுன்னு நெனச்சுட்டேன் நாச்சியா. பொய்யாச் சொல்லல."

மதினி அவர் பேச்சைக் கவனிக்கவில்லை. திரைக்குக் கிட்டே போய், நின்ற படத்தில் தம்பியின் முகத்தை விரலால் தொட்டார். "ஏட்டி, இவன் என்ன செய்யுதான்?"

நான் பெரிதாக்கினேன். என் வீட்டுக்காரர் இரண்டு கண்ணையும் இறுக மூடியிருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு. கன்னத்தில் ஒரு கோடு பளபளத்தது. கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினேன். வலது காது முடிந்து, இடது காது முடிந்து, ஆசாரி அவர் தோளைத் தட்டுகிற வரைக்கும் அந்தக் கண் திறக்கவே இல்லை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் வந்தபோதே பிள்ளை அழுதுகொண்டிருந்தான். உட்கார்ந்ததும் கண்ணை மூடிவிட்டார். திறந்தபோது இரண்டு காதிலும் தங்கம். முதல் காது எப்போது குத்தினார்கள் என்று அவருக்கே தெரியாது. தெரியாததற்குச் சாமி மேல் எப்படிச் சத்தியம் பண்ணுவார்? காது குத்துவதைப் பார்க்கப் பயந்து கண்ணை மூடிக்கொண்டேன் என்று ஒரு போலீஸ்காரர் எந்த வாயால் சொல்வார்?

மதினி போனை எடுத்தார். மறுமுனையில் என் வீட்டுக்காரர், "அக்கா" என்று பயந்தபடி சொன்னது எனக்கே கேட்டது.

"ஏலே, கண்ணையா மூடிக்கிட்டு இருந்த?"

அவர் மெதுவாக, "பிள்ளைக்கு வலிக்கும்லக்கா" என்றார்.

மதினி சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு பாதியில் அழுகையாகி, மறுபடி சிரிப்பானது. "நானும் கோயிலுக்குப் பின்னால போயி காதப் பொத்தி, கண்ண மூடிட்டுத்தாம்ல நின்னேன். ரெண்டு பேரும் ஒண்ணுபோல வந்து பொறந்திருக்கோம் பாரு." மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டார். "கறிச்சோறு தின்னாமப் போனயில்ல, ஞாயித்துக்கிழம வீட்டுக்கு வா" என்று சொல்லி வைத்துவிட்டார். நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டேன்.

மதினி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். பிள்ளையைத் தூக்கவில்லை. என் பக்கம் வந்து நின்றார்.

"கையக் காட்டுட்டி."

நீட்டினேன். ஐந்து விரலையும் குவித்துப் பிடித்து, முட்டி எலும்புக்கு மேலே தன் கட்டைவிரலையும் நடுவிரலையும் வளைத்து அளவு பார்த்தார். "கை நீர் வச்சிருக்கு. ஒரு சுத்துப் பெருசாத்தான் எடுக்கணும்" என்றார். அந்த விரல் வளையத்தைக் கலைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு, வளையல் கடைக்குப் படி இறங்கினார்.